ஏழு பங்கு கயிறு

மொட்டைமாடிச் சுவரில் காயப்போட்ட நைலான் கயிற்றிலிருந்து உப்பு வாடை இறங்கி, காலையிலிருந்து அடுப்படி வரை வந்துகொண்டிருக்கிறது. திருச்சுழியில் கடல் வாடை அடிக்கும் வீடு நம் வீடு ஒன்றுதான். உங்கள் நங்கூரக் கயிறுதான் அது. நேற்றுச் சாயங்காலம் மகன் கொண்டுவந்து போட்டான்.

வளைகுடா நாட்டில் ஒரு முதலாளியின் உல்லாசப் படகை ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய நீங்கள், தொண்டிப் பக்கம் ஒரு சின்ன ஃபைபர் படகை வாங்கி நிறுத்தினீர்கள். அதில் சும்மா ஒரு சுற்றுப் போய்வர இங்கிருந்து பஸ் ஏறுவீர்கள். குடிக்கிற தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கிற ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. படகு அங்கே கிடக்கும். கயிறு மட்டும் வெயிலில் இத்துப்போகும் என்று வீட்டுக்கு வந்துவிடும், பாதி அறையை அடைத்துக்கொள்ளும்.

"அங்க மூணு ஆள் ஆழந்தானே? நம்ம கிணத்துக்கு விடுற மாதிரி மூணு ஆள் கயிறு போதாதா?" என்று கேட்டேன்.

நீங்கள் நம் வெள்ளாட்டைப் பிடித்துக் குட்டைக் கயிற்றில் கட்டினீர்கள். அது எம்பி இழுத்ததும் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது. அதே குச்சியை அடித்து நீளக் கயிற்றில் கட்டினீர்கள். ஆடு என்ன இழுத்தும் குச்சி அசையவில்லை.

"குட்டைக் கயிறு மேல தூக்கும். நெட்டைக் கயிறு தரையோட இழுக்கும். நங்கூரமும் இப்பிடித்தான். ஆழம் ஒரு பங்குன்னா கயிறு ஏழு பங்கு. அதுல ஒரு முழம் கொறைக்கக் கூடாது."

முதல் தடவை பிடுங்கிக்கொண்டு ஓடிய ஆடு என் கீரைப்பாத்தியை மேய்ந்துவிட்டதால், உங்கள் பாடத்தில் எனக்கு அப்போது மனம் செல்லவில்லை.

நீங்கள் போன பிறகு, பக்கத்து வீட்டு மதினி வைக்கோல் லோடு கட்டப் பாதிக் கயிறு கேட்டார். அரிவாளைக் கையில் எடுத்துவிட்டேன். நீங்கள் வந்து சத்தம் போடுவீர்களே என்று திரும்ப வைத்துவிட்டேன். செத்தவர் எங்கே வந்து சத்தம் போடுவது? ஆனாலும் வைத்துவிட்டேன்.

நேற்றுக் காலை மகனும் மருமகளும் கயிற்றை எடுத்துக்கொண்டு தொண்டிக்குப் போய்ப் படகில் ஏறினார்கள். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. கரையோரம் கொட்டிக் கிடக்கும் பாறாங்கற்களை நோக்கிக் காற்று படகைத் தள்ளியிருக்கிறது. மருமகளுக்கு நீச்சல் தெரியாது. நம் பக்கம் யாருக்குத் தெரியும்?

கரையேறிய பிறகுதான் மகன் போன் செய்தான். "முதல்ல கொஞ்சங் கயிறு விட்டேம்மா. நங்கூரம் இழுபட்டுக்கிட்டே வந்துச்சு. அப்பா சொன்னது ஞாபகம் வந்து பூராத்தையும் விட்டேன். நின்னுருச்சு. மீன்காரவுக வந்து இழுத்துட்டுப் போற வரைக்கும் அசையல."

பயம் விட்டுப்போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் போனதிலிருந்து நேற்றுத்தான் அசந்து தூங்கினேன்.

சற்று முன் மதினி மாடியைப் பார்த்துவிட்டு, "இந்தக் கயிறு இன்னும் சும்மாதான கெடக்கு, பாதி குடேன்" என்றார்.

"ஒரு முழம் கொறைக்கக் கூடாது மதினி" என்றேன். "அவுகளுக்குப் பிடிக்காது."