வாசல் செடியின் சாறு

ஆய்வுக்கூடத்தின் மகாராணியும், சோதனைக் குழாய்கள் கண்டு நடுங்கும் வீராங்கனையுமான என் மருமகளுக்கு, பூமியை லாரியில் நூறு முறை சுற்றிவந்த உன் தாய்மாமன் ஆசி கூறி எழுதுவது.

இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். பேச முடியாது. ஆஸ்பத்திரியில் உன் அம்மா பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருக்கிறாள்.

அம்மாவின் இரத்தப் புற்றுக்கு ஏற்றும் மருந்து, நம் வாசலில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்ததுதான் என்று போன மாதம் சொன்னாயே. ஒரு லாரி இலைக்கு ஒரு சிட்டிகைதான் தேறும், மிச்சமெல்லாம் வேறு சரக்கு என்றும் சொன்னாய். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவன் காதில் லாரி மட்டும்தான் விழுந்தது. ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதை வீட்டிலேயே டம்ளர் டம்ளராகக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மூன்று நாள் மிக்ஸி போட்ட சத்தத்தில் தெருவே திரண்டு வந்தது. தெரு என்றால், பக்கத்து வீட்டுப் பூனை.

அக்கா முகம் சுளிக்காமல் குடித்தாள். கசக்கிறதா என்றேன். நீ போடுற காப்பிக்கு இது தேவலைடா என்றாள்.

நாலாம் நாள் வாந்தி நிற்கவில்லை. கொண்டுவந்து சேர்த்தேன். வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்குப் போய்விட்டன, இந்த வார மருந்தை ஏற்ற முடியாது, அடுத்தது எப்போது என்றும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டரம்மா. வீட்டில் வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அக்காதான் முந்திக்கொண்டு, ஒண்ணுமில்லைங்க என்றாள். செக்போஸ்ட் செக்போஸ்டாகப் பேசியே கடந்த வாய் எனக்கு. திறக்கவே இல்லை.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா மறுபடி வருவார். சொல்லிவிடுகிறேன். உன்னிடம் எழுதிவிட்டதால் இனி சொல்லாமல் இருக்க முடியாது. எத்தனை டம்ளர், எத்தனை நாள் என்பது போக வேறு என்னென்ன சொல்ல வேண்டும் என்று அதற்குள் அனுப்பு. செடியை வேரோடு பிடுங்கிவிட்டேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று தெரியவில்லை.

உள்ளே போன சாற்றைத் திரும்ப எடுக்க உங்கள் படிப்பில் வழி இருக்கிறதா, மருமகளே? இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுத வேண்டாம். டிக்கெட் எடு.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா