கற்பூரம் எரிகிற நேரம்

என் உயிரான மச்சான் சுப்பையா,

நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. உங்கள் மடுல்சீமைக்குப் போகிற பஸ்ஸில் யாரிடமாவது சொல்லிவிட்டால் சாயங்காலத்துக்குள் உன் காதுக்கு வந்துவிடும். இப்போது எந்த பஸ்ஸில் சொல்லிவிடுவது? அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

உன் பெண்சாதி, என் தங்கச்சி தங்கம், இருக்கிறாள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாள், வருகிறாள், அடுப்பு மூட்டுகிறாள். சாப்பிடுகிறாளா என்று கேட்காதே. உன் கை டிராக்டரும் ஓடுகிறது. புது டிரைவர், புது காயில். நீ இருந்தபோது நாட்டிலேயே கிடைக்காது என்ற சாமான், உன்னைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. எங்கிருந்து வந்தது மச்சான்?

அந்த டிராக்டரை முதன்முதலில் நீ எனக்குக் காட்டியது நினைவிருக்கிறதா? முன்னால் இரண்டு சக்கரம், நீளமாக இரண்டு கைப்பிடி, பின்னால் கொழுந்து மூட்டை ஏற்றும் பெட்டி. கயிற்றைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தால் காலையில் குதிரை மாதிரி ஓடும். கீழ் மலையிலிருந்து தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு ஏறும்போது மட்டும், சூடு பிடித்ததும், முனியாண்டி கல் இருக்கிற வளைவில் வந்து செத்துப்போகும். கூட வந்த பெண்கள் கல்லுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசி, ஒரு வாய் வெற்றிலையும் போட்டு முடித்த பிறகு கயிற்றை இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகும். மறுநாளும் அப்படியே.

"மச்சான், முனியாண்டி கேக்குறாரு. குடுத்தா வுட்டுடுறாரு" என்று பதுளையில் நான் வேலை செய்கிற பட்டறைக்கு வந்து சொன்னாய்.

"ஒங்க முனியாண்டிக்கு பெட்ரோல் வண்டி மேல மட்டும் என்னா கோவம்? மாட்டு வண்டிய வுட்டுடுறாரே!" என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் பட்டறையில்தான் எங்கேயோ கிடக்கிறது.

தோட்டத்தில் டிராக்டரை லொறியில் ஏற்றி எங்கள் பட்டறைக்கு அனுப்பினார்கள். முதலாளி நானா ஒரு இழுப்புதான் இழுத்தார், தையல் மெஷின் மாதிரி ஓடியது. "குளிர்ல லொறியேறி வந்த மெஷின் ஓடாம என்ன செய்யும்? சூட்டுல சாகுறத சூட்டுலதான் பாக்கணும். நீ மேல போய்ப் பாரு" என்று என்னை அனுப்பினார்.

அன்று நான் உன் பின்னாலேயே நடந்து வந்தேன். வளைவில் வழக்கம்போல் நின்றது. கற்பூரம் எடுத்த பெண்களை, "கொஞ்சம் பொறுங்கம்மா, சாமி எங்கயும் போயிற மாட்டாரு" என்று நிறுத்திவிட்டு, விரல் வேக வேக, பொறி போடுகிற பிளக்கைக் கழற்றினேன். இன்ஜின் தலையில் பிளக்கை வைத்துப் பிடிக்க, நீ கயிற்றை இழுத்தாய். பொறி இல்லை. பெட்ரோல் ஒழுங்காக இறங்கியது. புது பிளக் போட்டேன், இல்லை. கண்டன்சரை மாற்றினேன், அப்போதும் இல்லை. "இப்ப கொளுத்துங்க" என்றேன். கற்பூரம் எரிந்து, வெற்றிலை துப்பி முடிந்ததும் இழுத்துப் பார்த்தால் நீலமாய்க் கொழுத்த பொறி!

பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகிற காயில்தான். உள்ளே மயிர் மாதிரி செம்புக்கம்பி எங்கேயோ அறுந்திருக்கிறது. சூட்டில் பிரிகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. நான் சொல்லச் சொல்ல நீ தலையாட்டிக் கேட்டாய். "சரி மச்சான், ஒனக்கு காயில், இவங்களுக்கு முனியாண்டி. எனக்கு கொஞ்சம் நின்னு ஆறிப் போனா போதும்" என்றாய்.

புது காயில் கேட்டு நீ ஆபீசுக்கு நடையாய் நடந்தாய். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். "ஓடுற வண்டிக்கு எதுக்கு சாமான்?" என்று கேட்டார்களாம். ஓடத்தான் செய்தது. நீயே ஒவ்வொரு தடவையும் வளைவில் இன்ஜினை நிறுத்தி, கற்பூரம் எரியவிட்டு, ஆறிய பிறகு ஏறினாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் அது வழியில் நிற்கவில்லை.

அப்புறம்தான் புதிதாக அந்தச் சின்ன தொரை வந்தார். வேலை நேரத்தில் சாமி கும்பிட்டு வண்டியை நிறுத்தக் கூடாது, கொழுந்து வாடுகிறது என்று உத்தரவு போட்டார். காயிலைப் பற்றி நீ சொன்னதைச் சாக்கு என்று தள்ளிவிட்டார். நிறுத்தினால் டிரைவர் வேலை போகும் என்றார். நீ நிறுத்தவில்லை.

வளைவைத் தாண்டிச் செங்குத்தாய் ஏறுகிற இடத்தில் இன்ஜின் செத்தது. பெட்டி நிறையக் கொழுந்து, பிரேக் பிடிக்கவில்லை, பாரம் உன்னைப் பின்னால் இழுத்தது. கைப்பிடியை விட்டுக் குதித்திருந்தால் பிழைத்திருப்பாய். கூடையோடு பெண்கள் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே நீ அதைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினாயாம். அவர்களே அழுதுகொண்டு சொன்னார்கள்.

விசாரணை மறுநாள் காலையில் நடந்தது. பள்ளத்திலிருந்து தூக்கிய டிராக்டர், ராத்திரி முழுவதும் பனியில் கிடந்த டிராக்டர். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது, சண்டாள மெஷின். "இன்ஜின்ல ஒரு குறையும் இல்லையே" என்றார் சின்ன தொரை.

"ஐயா, லோடு போட்டு மேட்டுல ஏத்திப் பாருங்கையா. சூடானாத்தான் தெரியும்" என்று கும்பிட்டுக் கேட்டேன். நேரமில்லை என்றார்கள். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். நம் சனம் குடியிருக்கிற லயத்தில் வேறு மாதிரி முடித்தார்கள்: கற்பூரம் வைக்காமல் போனாய், முனியாண்டி அடித்துவிட்டார்.

இதில் எது என்னைக் கொன்றது தெரியுமா? தங்கமும் அதையே நம்பினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வளைவுக்குப் போய், உனக்காக மன்னிப்புக் கேட்டுக் கற்பூரம் கொளுத்தினாள். "தொரைக்குப் பயந்தாரு, சாமிக்குப் பயப்படாமப் போயிட்டாரே அண்ணே" என்றாள். உன்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம். தலைமாட்டில் இருந்த உன் படத்தைக்கூடத் திருப்பி வைத்திருந்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. புது காயில் போட்டபோது கழற்றி எறிந்த பழையதை நான் எடுத்து வைத்திருந்தேன். போன வாரம் தங்கத்தைப் பட்டறைக்குக் கூட்டிவந்து, அதே மாதிரி பழைய இன்ஜின் ஒன்றில் மாட்டி ஓட்டிக் காட்டினேன். காற்றுப் போகிற வழியைச் சாக்கால் மூடிச் சூடேற்றினேன். திக்கித் திணறி நின்றது. பிளக்கைக் கழற்றிப் பிடித்தேன், பொறி இல்லை. "பாரு தங்கம், சாமியும் அடிக்கல, அவரும் தப்புப் பண்ணல" என்றேன். சாக்கை எடுத்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். ஆறியதும் இழுத்தேன், பொறி வந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப, இவ்வளவு நேரம் நிக்க வுட்டிருந்தா போதுமா அண்ணே?"

போதும் என்று சொன்னேன். அவள் போட்ட சத்தத்தில் முதலாளி நானா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சாமி அடித்தது என்றிருந்தபோது அவளால் கும்பிடவாவது முடிந்தது. அதையும் நான் பிடுங்கிக்கொண்டேனோ? உன் படத்தை அவள் நேராகத் திருப்பி வைத்துவிட்டாளாம். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல். அதுவும் ராத்திரியில் நிற்பதில்லை.

அந்தக் காயில் என் மேசையில்தான் இருக்கிறது. தூக்கிப் போட மாட்டேன். உன்மேல்தான் தப்பு என்று எவன் சொன்னாலும், அவன் தொரையோ கூலியோ, அவன் கண் முன்னால் அதைச் சூடாக்கிக் காட்டுவேன். யாரும் கேட்டு வராவிட்டாலும், மடுல்சீமைக்கு ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அந்த வளைவில் உனக்காக நிற்பேன், ஒரு கற்பூரம் எரிந்து முடிகிற வரைக்கும். எவன் அவசரப்படுத்தினாலும் நகர மாட்டேன்.

தங்கத்தின் அண்ணன்,
உன் மச்சான் ராசு,
பதுளை