கள் வாடை அடித்த காப்பி

மாப்பிள்ளை,

போன வாரம் சம்பந்தி வீட்டில் ஒரு சாக்குக்குள் தலையை விட்டபடி பிடிபட்டேன். இந்த மானக்கேட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சின்னமனூரில் விருந்து. மகனுக்குப் பெண் எடுத்த வீடு, புதுச் சம்பந்தம். சாப்பிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். மூலையில் ஒரு சாக்கு வாய் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து புளிப்பும் இனிப்புமாக ஒரு வாடை. குனிந்து பார்த்தேன், போதவில்லை. மண்டி போட்டேன். கழுத்து வரைக்கும் உள்ளே போன பிறகு, பின்னாலிருந்து சம்பந்தியம்மாள் குரல்.

"என்னங்க, எதையாச்சும் தொலைச்சுட்டீகளா?"

"மோதிரம்" என்றேன். என் விரலில் எந்தக் காலத்தில் மோதிரம் இருந்தது? வீடே கூடிச் சாக்கைக் கொட்டித் தேடியது. கொட்டியதெல்லாம் தோலோடு காய்ந்த காப்பிப் பழம். கறுத்துச் சுருங்கி, காதருகே குலுக்கினால் உள்ளே கொட்டை ஆடுகிற பழம். நானும் தேடுவதுபோல் கை நிறைய அள்ளி மோந்துகொண்டிருந்தேன். மருமகள் மட்டும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. அவள் வாயை எப்படி அடைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

அந்த வாடை உன் மொட்டைமாடி வாடை.

மேகமலைச் சரிவில் உனக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. எஸ்டேட்டில் வேண்டாமென்று பிடுங்கிப் போட்ட கன்றுகளைக் கேட்டு வாங்கிப் பலா மரங்களுக்கு நடுவே நட்டாய். ஊர் சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். எஸ்டேட்டில் பழத்தை உரித்து, ஊறப்போட்டு, கழுவிக் கொட்டையை மட்டும் காய வைப்பார்கள். உனக்கு அது பிடிக்கவில்லை. "பழத்துக்குள்ள இருக்குற ருசியக் கழுவி ஓடையில விட்டுட்டு அப்புறம் என்னத்தக் குடிக்கிறது?" என்பாய். ஹஜ்ஜுக்குப் போய் வந்த உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர், அரபு தேசத்தில் முழுப் பழத்தையே வெயிலில் காயப்போடுகிறார்கள் என்று உன்னிடம் சொல்லியிருந்தார். அங்கிருந்து ஒரு பெரியவர் மடியில் மறைத்துக் கொண்டுவந்த விதைதான் நம் நாட்டுக் காப்பிக்கெல்லாம் மூலம் என்றும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து உன் செடிகள் அந்த மடியிலிருந்து நேராக இறங்கியவை ஆகிவிட்டன. எஸ்டேட் குப்பையில் பொறுக்கியதை நீயே மறந்துபோனாய்.

இது ஒருபக்கம் இருக்க, நீதான் நம் ஊர்க் கள்ளொழிப்புச் சங்கத்துத் தலைவர். கதர்த் துண்டும் நீயுமாகக் கள்ளுக்கடை வாசலில் நின்று வெயில் காய்ந்தாய். கோயில் முன்னால் ஊரைக் கூட்டி ஒரு கட்டுப்பாடும் கொண்டுவந்தாய். கள்ளோ சாராயமோ பிடிபட்ட வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஊரில் யாரும் கால் வைக்கக் கூடாது. எல்லோரும் கை தூக்கினோம். உன் கை எல்லோரையும்விட உயரமாக நின்றது.

அந்த மார்கழியில் உன் மகளுக்குத் தையில் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றியிருந்தது. மாடியில் பாய் விரித்துப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. பகலில் கிண்டிவிட வேண்டும், பனி இறங்குமுன் குவித்து மூட வேண்டும். காலம் கெட்டு மழை பிடித்துக்கொண்டது. குவித்த பழத்தைப் பிரிக்க வழியில்லை. மழை விட்டு வெயில் வந்து நீ பாயை விலக்கினாயோ இல்லையோ, வாடை தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தது.

"தலைவரு வீட்டுல சாராய ஊறல் போட்டுருக்காக" என்று கிணற்றடியில் பேச்சு. சாயங்காலத்துக்குள் சங்கமே உன் வாசலில். எனக்கும் ஓரத்தில் நிற்க ஓர் இடம் கிடைத்தது. உன் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு இது போனால் என்ன ஆகும் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"மாடியில என்னமோ வாடை வருதே" என்றார் செயலாளர்.

"என்ன வாடை?" என்றாய் நீ.

"கள்ளு வாடை மாதிரி…"

"கள்ளு வாடை உமக்கு எப்புடித் தெரியும்?"

செயலாளர் பின்னால் திரும்பிப் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் வேப்பமரத்தைப் பார்த்தார். "எனக்கெல்லாம் தெரியாதுப்பா, சொல்லக் கேள்விதான்" என்று ஒருவர். "நா கள்ளுக்கடைப் பக்கம் மூச்சே விட்டதில்ல" என்று இன்னொருவர். நீ என்னைப் பார்த்தாய். நான் உடனே இருமினேன். கள் வாடை அடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கடைசியில் வீரணனைக் கூப்பிட்டுவரச் சொன்னார்கள். அவன் சங்கத்தில் சேராதவன். கள்ளுக்கடை வாசலில் நீ தட்டி உடைத்த கலயம் அவன் கலயம். அதிலிருந்து உன்னோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவன் ஒரு சொல் சொன்னால், உன் மகள் கல்யாணப் பந்தலில் நீங்களும் நாதஸ்வரக்காரருமாகத்தான் உட்கார்ந்திருப்பீர்கள். நாதஸ்வரக்காரரும் நம் ஊர்க்காரர்.

வீரணன் ஏணியில் ஏறினான். கீழே யாரும் வெற்றிலை கூட மெல்லவில்லை. ஒரு பழத்தைக் கடிக்கிற சத்தம் கேட்டது, பிறகு துப்புகிற சத்தம். மெதுவாக இறங்கி வந்தான். உன் முகத்தை நன்றாகப் பார்த்தான்.

"ஏப்பா, சொல்லுப்பா. கள்ளுதானா?" என்றார் செயலாளர்.

"கள்ளா இருந்தா நா எதுக்குய்யா கீழ எறங்குறேன்?"

யார் முதலில் சிரித்தார்கள் என்று ஞாபகமில்லை. வீரணன் சிரிக்கவில்லை. "கள்ளுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அம்புட்டுத்தேன்" என்று சொல்லிவிட்டு, உன் பக்கம் திரும்பி, "கலயம் கேக்கலாம்னு இருந்தேன். போகட்டும், காஞ்சதும் ஒரு லோட்டா காப்பி குடு" என்றான்.

கல்யாணத்துக்கு ஊரே வந்தது. நீ காயவைத்த பழத்தை உரலில் லேசாகக் குத்திப் புடைத்து, மண்சட்டியில் புளியங்கொட்டை நிறம் வரும்வரை வறுத்தார்கள். கருக விட்டால் ஆளையே அடித்திருப்பாய். கருப்பட்டி கரைந்து கொதித்த தண்ணீரை இறக்கி வைத்துத்தான் தூளைப் போட வேண்டும், அடுப்பில் வைத்துப் போட்டால் அது கஷாயம் என்பது உன் சட்டம். மூடி வைத்து, தூள் அடங்கியதும் துணியில் வடிகட்டி, பால் பேருக்கு. நீயே லோட்டா லோட்டாவாகக் கொடுத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்து நின்றாய். "மொதல்ல கசக்கும். முழுங்குனதுக்கப்புறம் காஞ்ச பலாச்சுள மாதிரி ஒண்ணு வரும் பாரு. வருதா?" வந்தது, மாப்பிள்ளை. கடைசியில் தொண்டையில் லேசாக ஒரு புளிப்பும் வந்தது. வீரணன் மூன்றாவது லோட்டாவுக்கு நீட்டினான். நீ விளிம்பு வரைக்கும் ஊற்றினாய்.

இன்றைக்கும் தூளைப் போடுமுன் பாத்திரத்தை இறக்கித்தான் வைக்கிறேன். எந்த வீட்டில் எவர் காப்பி கொடுத்தாலும், முழுங்கிவிட்டுப் பலாச்சுளைக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறேன். பெரும்பாலும் வருவதில்லை. கொடுத்தவர்கள், காப்பி நன்றாக இல்லையோ என்று கவலைப்படுகிறார்கள்.

உன் கருமாதியன்று படையலில் வைக்க நானே வறுத்து, இடித்து, வடிகட்டி ஒரு செம்பு கொண்டுவந்தேன். உன் மனைவி செம்பை வாங்கி மோந்து பார்த்தாள்.

"என்னண்ணே, காப்பியா? அவுக ஒருநாளும் வாயில வச்சதில்லையே. நெஞ்சு கரிக்கும்னு மோருதேன் குடிப்பாக."