ஒரே ஒரு நாள் தொங்கிய ஆறு

என் பிரியமுள்ள ஸ்டெல்லா அக்காவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. பந்தல்கார இம்தியாஸ் பாய் விடுதலையானார். உன் மீதான வழக்கு நீ இறந்த அன்றே அற்றுப்போனது; இறந்தவரைச் சட்டம் குற்றவாளி என்றும் சொல்லாது, நிரபராதி என்றும் சொல்லாது. அந்த மௌனத்தை என்னால் இத்தனை வருடமும் தாங்க முடியவில்லை. அதனால்தான் பாய்க்காக நான் வாதாடினேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விவரம். ஆம்பூரில் ஓவிய ஆசிரியையாக இருந்த என் அக்கா, தொண்ணூறுகளின் கடைசியில் நகராட்சிப் பூங்காவில் இரண்டு வாரத்துக்கு ஒரு கலைப்படைப்பை அமைக்க அனுமதி வாங்கினாள். தோல் கொடுத்தவர் ஒரு தோல் தொழிற்சாலை முதலாளி. எல்லாம் ஏற்றுமதிக்கு உதவாத கழிசல். நல்ல சரக்கோடு கலந்துவிடாமலிருக்க, கழித்த தோலின் கழுத்தோரம் துளையிட்டு வெளியே விடுவது அவருடைய ஆலை வழக்கம்.

அந்தத் தோல்களை நீயும் பாயும் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினீர்கள். பூங்காவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, தலைக்கு மேலே, வளைந்து வளைந்து பாலாறு. துளைகளின் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கியது. பிள்ளைகள் அதைப் பிடிக்க ஓடினார்கள். திறப்பு விழாவுக்கு முதலாளி தன் வெளிநாட்டு வியாபாரியை அழைத்து வந்திருந்தார். அவர்கள் காதுபட ஆற்றோரத்துப் பெண்மணி ஒருத்தி கேட்டாளே, நினைவிருக்கிறதா?

"இன்னாடி இது, நம்ம ஆறா? நெசத்துலதான் தோலுக்காரங்க முழுங்கிட்டாங்க, இங்கயாவது தொங்குதே!"

கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். முதலாளி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை போலீஸ் லாரி வந்தது. ஏற்றுமதிச் சரக்கைத் திருடியதாக முதலாளி கொடுத்த புகாரில் நீ முதல் எதிரி, பாய் இரண்டாம் எதிரி. உன் ஆற்றை அறுத்து அறுத்து லாரியில் எறிந்தார்கள். பள்ளி உன்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. துளைகளைப் பற்றிச் சாட்சி சொல்ல அந்த ஆலையில் வேலை செய்யும் எவரும் துணியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா நீ வந்து நின்றாய். ஒரு வாய்தாவுக்கு முந்தின நாள் உன் இரத்த அழுத்தம் ஏறி, நினைவு தப்பி, திரும்பவில்லை. வழக்குக்கும் மரணத்துக்கும் தொடர்பு உண்டென நிரூபிக்க என்னிடம் சான்று இல்லை. ஆகவே அதை எந்த மனுவிலும் எழுதவில்லை. ஆனால் ஒரு நாளும் அதை நம்பாமல் இருந்ததில்லை.

குறுக்கு விசாரணையைச் சொல்கிறேன், கேள். கூண்டில் நின்ற முதலாளியிடம், துளைகள் எப்படி வந்தன என்றேன். "கயிறு கட்ட அந்தம்மா போட்டது" என்றார். நான் கோபப்படவில்லை. பொய்யர் என்றால் அவர் பொறுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். எதைப் பொறுக்க மாட்டார் என்பதும் தெரியும். கைப்பற்றப்பட்ட தோல்களில் ஒன்றை நீதிபதியின் முன் விரித்தேன். உண்ணி கடித்த தழும்பும் கத்தி வெட்டும் எல்லோருக்கும் தெரிந்தன.

"நீங்க வெளிநாட்டுக்கு அனுப்பற முதல் ரகம் இதானா?"

பின்வரிசை முழுக்க நம் ஊர்க்காரர்கள். தோல் பார்த்தே வளர்ந்த கண்கள். "அடப்பாவி, இதுக்கா துரை காசு குடுக்கிறான்?" என்று ஒருவர் முணுமுணுக்க, சிரிப்பு எழுந்தது.

முதலாளியின் முகம் சிவந்தது. "யாருய்யா முதல் ரகம்னது? இது கழிசல்! கழுத்துல பஞ்ச் போட்டு, நானே நின்னு பாத்துத்தான் வெளிய குடுப்பேன். பஞ்ச் இல்லாத கழிசல் ஒண்ணு என் கேட்டைத் தாண்டாது!"

அரசு வழக்கறிஞர் கண்களை மூடிக்கொண்டார். நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. தோல்களை முதலாளியே கொடுத்தார் என்று தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியில் உன் பெயரும் இருக்கிறது அக்கா.

பொய்ச்சாட்சிக்காக அவர் மீது நடவடிக்கை கோரி மனு போட்டிருக்கிறேன். நேற்று அவருக்காகப் பரிந்து பேச, நம் திருச்சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, அவருக்கு வயசாய்டுச்சு. அதே பார்க்குல அக்கா பேர்ல நிரந்தரமா ஒரு சிலை வெச்சுத் தர்றேன்றாரு. மன்னிச்சு விட்ருங்களேன்."

"ஐயரே, அக்கா நிரந்தரமா எதையும் கேக்கல. ரெண்டு வாரம்தான் கேட்டா."

அவர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். நீ இருந்திருந்தால் அவரை உட்கார வைத்திருப்பாயா? "போதும், விட்ருடா சீலா" என்று என்னைத்தான் அதட்டியிருப்பாயா?

அதட்டியிருப்பாய். மன்னித்தும் இருப்பாய். அந்த மனிதரை மன்னிக்கும் உரிமை உலகத்தில் உன் ஒருத்திக்குத்தான் இருந்தது. அது உன்னோடு போய்விட்டது. எனக்கு வாரிசுரிமையாக வரவில்லை. ஆகவே மனுவை வாபஸ் வாங்க மாட்டேன். அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, பெயர் கூப்பிடும் வரை நிற்பார். எதிரில் நான் இருப்பேன்.

சமாதானமாகாத உன் தம்பி,
ஜெயசீலன்