எதார்த்தமா

ஜூன் 4
அகராதி அலுவலகத்தில் இன்று என் பங்குக்கு வந்த சொல்: எதார்த்தம். முதல் பொருள் சுலபம். உள்ளது உள்ளபடி. இரண்டாவதுதான் இழுக்கிறது. "எதார்த்தமா சொன்னேன்" என்கிறோமே, முன்யோசனையோ உள்நோக்கமோ இல்லாமல், தன் போக்கில். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். ஆசிரியரை நாங்கள் புள்ளி சார் என்போம்; ஒரு மெய்யெழுத்தில் புள்ளி விட்டுப்போனால் அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. "நீயா ஜோடிக்காதம்மா. யாராவது வாயால சொன்னதா இருக்கணும்" என்றார்.

ஜூன் 5
வாக்கியம் வீட்டிலேயே கிடைத்தது. அக்கா ஒரு பையோடு வந்து நிற்கிறாள். இடது கையில் மாவுக்கட்டு. அத்தான் போனில் அப்பாவிடம் சொன்னார்: "எதார்த்தமா கை பட்டுச்சு மாமா, தடுமாறி விழுந்துட்டா." அக்காவும் அதையே சொல்கிறாள். அதே வார்த்தைகள், அதே வரிசை. எதார்த்தமாக நடந்ததை யாராவது இப்படி ஒப்பிப்பார்களா?

ஜூன் 7
அந்த வாக்கியத்தை எழுதக் கை வரவில்லை.

ஜூன் 9
அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற அக்கா கட்டுப் போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தூக்கியது நான் — சண்டையில்கூட அவளைக் கிள்ளத் தெரியாத தங்கை.
"என்னக்கா?"
"ஒண்ணுமில்லடி. ஏதோ பூச்சி பறந்துச்சு."
பூச்சி எதுவும் பறக்கவில்லை.

ஜூன் 10
எங்கே கை உயர்ந்தாலும் என் கண்ணில் படுகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும் கைகள், தலை வாரும் கைகள். புள்ளி சார் ஜன்னலைச் சாத்த எட்டியபோது நான் குனிந்துவிட்டேன். எனக்கு ஏன்? என்னை யார் அடித்தார்கள்?

ஜூன் 12
லாரியை விட்டுவிட்டு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போறாராம். நம்ம வீட்ல படிச்சவ நீ ஒருத்திதான். பக்குவமா எடுத்துச் சொல்லி அனுப்பி வை."
'அப்பா, அவ தானா விழல.' குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் முன்னால் போனதும், "சரிப்பா" என்றேன்.
சே. நானெல்லாம் என்னத்தப் படிச்சேன்.

ஜூன் 15
அத்தான் சிரித்த முகமாக வந்தார். "என்ன அகராதி, எங்களையெல்லாம் எந்தப் பக்கத்துல போட்டிருக்கே?" அப்பாவும் சிரித்தார். அக்கா தலை வாரித் தயாராக நின்றாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு வரிகூட எனக்கு வரவில்லை.
"கிளம்பலாமா?" என்று அத்தான் அலமாரிமேல் இருந்த பைக்குக் கையை உயர்த்தினார். அக்கா சுவரோடு ஒட்டினாள். கை முகத்துக்குப் போயிற்று.
"பயப்படாதக்கா, அத்தான் பையைத்தான் எடுக்கறாரு."
சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. அவளைத் தேற்றத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.
"என்ன பேச்சு பேசறா இவ?" என்றார் அத்தான்.
அப்பா அவரைப் பார்க்கவில்லை. இன்னும் இறங்காத அந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பையை வச்சிடுங்க மாப்பிள்ளை. அவ இங்கயே இருக்கட்டும்."
"மாமா, அன்னிக்கு நடந்தது எதார்த்தமா—"
"அப்போ இது?" என்று அக்கா பக்கம் கையைக் காட்டினார் அப்பா.

ஜூன் 16
அந்தச் சொல்லை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னேன். புள்ளி சார் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 22
அத்தானின் போன் அடித்து அடித்து ஓய்கிறது. அக்கா எடுப்பதில்லை. ஆனால் அவள் கை மட்டும் இன்னும் கேட்க மாட்டேன் என்கிறது. பால்காரர் கேனைத் தூக்கினாலும் முகத்துக்குப் போகிறது.
காலையில் பல்பு மாற்ற அப்பா நாற்காலியில் ஏறினார். ஏறியவர் சும்மா நின்றார். பிறகு அக்கா இருந்த சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மாடி, கையைத் தூக்கப் போறேன்" என்றார்.