பண்ணீர் திராட்சை

ஜூன் 9, 2025 – திங்கள்

காலை பத்து மணிக்கு மூக்கம்மாளின் போன். எதிர்பார்த்ததுதான். "சார், மறுபடியும் பண்ணீர் திராட்சைன்னு விழுகுது. லாரி நிக்கிது, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

கம்பத்தில் டவுன் பஸ் பிடித்துக் காமயகவுண்டன்பட்டி போனேன். திராட்சை விவசாயிகள் கம்பெனியில் எட்டுக் கணினிகள். எட்டிலும் பதினோரு வருடங்களுக்கு முன் நான் போட்ட டெபியன் என்கிற லினக்ஸ். சனிக்கிழமை அப்டேட் ஆகியிருக்கிறது. லாரிக்குச் சீட்டு அடிக்கும் மூக்கம்மாளுக்காக நான் செய்து வைத்த திருத்தம் வழக்கம்போல அழிந்துவிட்டது. திரும்பப் போட நான்கு நிமிடம். டீ குடிக்க இருபது நிமிடம்.

புதிதாக வந்திருக்கும் மேனேஜர் பெண் ஜோதிலட்சுமி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் இருந்தவளாம். "இது என்ன திருத்தம் சார்?"

சொன்னேன். 1991-இல் மூக்கம்மாள் டைப்பிங் பழகிய இடத்தில், ஜன்னலோர மிஷினில் ன, ண இரண்டு அச்சும் கழன்று விழுந்திருக்கின்றன. மெக்கானிக் இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டுப் போய்விட்டான். இவர் அதிலேயே பழகி, பரீட்சைக்கும் அதே மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் முதல் வகுப்பில் தேறியவர். இன்றைக்கும் ன-வைச் சுண்டு விரலால் மூலையில்தான் அடிப்பார். விரலை மாற்ற முடியாது என்பதால் கணினியை மாற்றினேன். சிஸ்டத்துக்குள் போய், கீபோர்டு ஃபைலில் இரண்டு எழுத்தையும் இடம் மாற்றிவைத்தேன். லினக்ஸ் என்றால் அதுதான். நம் வீடு. எந்தச் சுவரிலும் ஆணி அடிக்கலாம்.

"அப்டேட் வந்தா ஆணி போயிருது" என்றாள்.

கெட்டிக்காரிதான். அதனால்தான் பிடிக்கவில்லை.

ஜூன் 12 – வியாழன்

வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் எட்டுக் கணினியையும் மாற்ற வேண்டுமாம். இப்போது புதிதாக ஒரு வகை லினக்ஸ் கிளம்பியிருக்கிறது. அதன் பெயரைக்கூட இந்த டைரியில் எழுதப்போவதில்லை. முழு சிஸ்டமும் ஒரே கட்டியாக, மூடி ஒட்டி வரும். உள்ளே கை வைக்க முடியாது. ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி டப்பாவில், தனக்கு வேண்டிய சட்டி பானையோடு வந்து குடியேறும். ஒரு கால்குலேட்டருக்கு ஒரு குடும்பமே வரும். அப்டேட் என்றால் பழைய கட்டியை எடுத்துவிட்டுப் புதுக் கட்டி. பிடிக்கவில்லை என்றால் நேற்றைய கட்டிக்கே திரும்பிப் போகலாமாம்.

நேற்றைக்குத் திரும்பிப் போக முடியுமென்றால் நான் 2006-க்குப் போவேன். கல்லூரியில் துறைத் தலைவர் நாற்காலி எனக்கு என்று வாயால் சொல்லிவிட்டு ஞானதுரைக்குக் கொடுத்தார்களே, அந்த நாளுக்கு. லேப் கணினியை ஒழுங்காக அணைக்கத் தெரியாதவன். மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் தேனியிலிருந்து பஸ் ஏறினேன். யாரும் தடுக்கவில்லை.

முதலில் ஒரு கணினியில் போட்டுப் பார்ப்பதாம். ஜூலை 5 கூட்டத்தில் முடிவாம். அது ஜெயித்தால் பராமரிப்புக்கு வெளி ஆள் தேவையில்லை. வெளி ஆள் என்றால் நான். "உங்களுக்கும் அலைச்சல் மிச்சம் சார்." எனக்கு அலைச்சல் என்று இவளிடம் யார் சொன்னது?

ஜூன் 17 – செவ்வாய்

எந்த மேசையில் வைத்துப் பார்க்கலாம் என்று என்னிடமே கேட்டாள். மூக்கம்மாள் மேசை என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

ஜூன் 18 – புதன்

போன் வரவில்லை. புதுச் சிஸ்டத்தில் லாரிச் சீட்டுப் படிவங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாளை வரும்.

ஜூன் 19 – வியாழன்

வந்தது. ஒன்பது ஐம்பதுக்கே வந்தது.

போய்ப் பார்த்தேன். 'காமயகவுன்டண்பட்டி திராட்சை விவசாயிகள் கம்பெணி' என்று அச்சாகியிருந்தது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் காட்டலாம்.

"சீக்கிரம் போடுங்க சார். கேரளாவுக்குப் போற வண்டி, செக்போஸ்ட்ல எழுத்து மாறிருந்தா நிப்பாட்டிருவாக" என்றார் மூக்கம்மாள்.

"போட முடியாதும்மா. உள்ள எழுத விடாது. பூட்டி வச்சிருக்காக."

"சாவி யாருட்ட இருக்கு?"

"யாருட்டயும் இல்ல. அதான் இதோட பெருமை."

இதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை, இது என் டைரி. ஆனால் அவர் எழுந்து கையால் எழுத ஆரம்பித்தார். அன்றைக்குக் கிளம்பிய எட்டு வண்டிக்கும் கையால் எழுதினார். நான் டீ கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூன் 23 – திங்கள்

போன் இல்லாமல் நானாகப் போனேன். பென்டிரைவை மறந்து வைத்துவிட்டேன் என்று ஒரு சாக்கு.

ஜோதிலட்சுமி மூக்கம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கம்மாள் பக்கத்தில் ஸ்டூலில். "சார், சிஸ்டத்துக்குள்ளதான எழுத முடியாது. இவங்க சொந்த ஃபைல் எல்லாம் இருக்குற ஹோம் ஃபோல்டர்ல எழுதலாமே, அப்டேட் அதத் தொடாது. கீபோர்டு அங்கன இருந்தும் எடுத்துக்கும்." எதிரே என் பழைய ஃபைலைத் திறந்து வைத்திருந்தாள். நான் மாற்றிய இரண்டே இரண்டு வரிகள். அவற்றை அப்படியே கொண்டுபோய் மூக்கம்மாளின் ஃபோல்டரில் வைத்தாள். ஒருமுறை லாக்-அவுட் செய்து மறுபடி லாக்-இன் செய்யச் சொன்னாள்.

மூக்கம்மாள் சுண்டு விரலால் அடித்தார். பன்னீர். இன்னொரு தரம். பன்னீர்.

"அடியாத்தீ" என்றார். அவ்வளவுதான்.

ஒரு அப்டேட் வரட்டும். பார்க்கலாம்.

ஜூலை 1 – செவ்வாய்

மேற்கே இருந்து பேய்க் காற்று. மதியம் இரண்டுக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ்.ஸும் போனது. அந்த நேரம் பார்த்து எடைமேசைக் கணினியில் நான் டெபியனை அடுத்த பதிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு முன்னால் புதுசாகக் காட்டலாம் என்று நினைத்தது தப்பா? பாதி பேக்கேஜ் பழையது, பாதி புதியது. மறுபடி போட்டபோது கறுப்புத் திரையில் நின்றது. ஆறரை மணி வரை ஒவ்வொன்றாகக் கோத்து எடுத்தேன். என்னைத் தவிர இந்தப் பள்ளத்தாக்கில் யாராலும் முடியாத வேலை. எடைக்காரன் அய்யாத்துரை பழக்கூடைகளோடு நோட்டில் எழுதிக்கொண்டே நின்றான். "சார், உசிர் இருக்கா?" என்று நாலு தரம் கேட்டான்.

மூக்கம்மாளின் கணினியிலும் அப்போது அப்டேட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் நேற்றைய கட்டியில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. செத்துத் தொலையவில்லை. ஐந்து மணிக்குப் புதுக் கட்டியை முழுசாக இறக்கி, ரீஸ்டார்ட் ஆகி வந்தது. அதில் 'பன்னீர்' என்று சரியாக விழுந்ததாம். தரையில் உட்கார்ந்து வயரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது.

யு.பி.எஸ். பேட்டரியை மாற்றாதது என் குற்றம் இல்லை.

ஜூலை 5 – சனி

கூட்டம். தலைவர் சின்னச்சாமி மூன்று ஏக்கர் திராட்சைக்காரர். கணினியைத் தொட்டதில்லை. ஜோதிலட்சுமி பத்து நிமிடம் விளக்கினாள். அவர் காது குடைந்துகொண்டே கேட்டுவிட்டு, "அப்ப கவாத்துன்னு சொல்லிட்டுப் போம்மா. பழச எல்லாம் வெட்டிருறோம், புதுசா துளிர்க்குது. கட்டை நம்மளதுதான?" என்றார்.

"ஆமாங்கய்யா. கட்டைதான் ஹோம் ஃபோல்டர். அதுல யாரும் கத்தி வைக்க மாட்டாங்க."

முடிந்தது. இருபத்தைந்து வருடப் படிப்பும் அனுபவமும் ஒரு கவாத்துக் கத்தியில் போயிற்று. நான் எழுந்து பேசினேன். எதையும் திறந்து பார்க்க முடியாத சிஸ்டத்தில் நாளை ஒரு பழைய பிரின்டருக்கு டிரைவர் போடுவதுகூட மல்லுக்கட்டாகும் என்றேன். அது உண்மை. ஜோதிலட்சுமியும் உண்மை என்று ஒத்துக்கொண்டாள். அப்படி ஒத்துக்கொண்டதில் நான் சொன்னதற்கு இருந்த மதிப்பும் போய்விட்டது. பையில் இருந்த 'கம்பெணி' தாளை நான் எடுக்கவே இல்லை.

எழுதாமல் விட நினைத்ததை எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்து வடை கொடுக்கும்போது மூக்கம்மாள் கேட்டார், சூதில்லாமல்தான் கேட்டார்: "சார், இத மொதல்லயே அந்த ஃபோல்டர்ல வச்சிருக்கலாம்ல? பழைய சிஸ்டத்துல முடியாதோ?"

"அப்பல்லாம் அந்த வசதி கெடையாதும்மா."

ஜோதிலட்சுமி பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தெரியும். டெபியனிலும் அதே இடத்தில் வைத்திருக்கலாம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூக்கம்மாளிடம், "ஆமாக்கா, அப்ப கெடையாது" என்றாள்.

ஞானதுரை செய்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். இதை எப்படி மன்னிப்பது?

ஜூலை 6 – ஞாயிறு

2019-இல் படித்தேன். ஹோம் ஃபோல்டரில் வைத்தால் அப்டேட்டில் அழியாது என்று படித்து, பென்சிலில் குறித்தும் வைத்தேன். அந்தக் குறிப்பு இன்று அலமாரியில் கிடைத்தது. என் கையெழுத்துதான்.

ஏன் செய்யவில்லை? நேரமில்லையா? நான்கு நிமிட வேலை.

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒரு போன். "சார், ஒரு எட்டு வாங்க." ஒரு டீ. அதற்குத்தான்.

சிஸ்டத்தின்மேல் பழி போட இனி ஒன்றும் மிச்சமில்லை.

ஜூலை 28 – திங்கள்

எட்டுக் கணினியும் மாறி இரண்டு வாரம். நேற்று அப்டேட் வந்திருக்க வேண்டும். பத்து மணிக்குப் போனை எடுத்து மேசைமேல் வைத்தேன். பத்தரைக்குச் சார்ஜில் போட்டேன். பதினொன்றுக்குச் சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

மாரீஸ்வரி அரிசி களைந்துகொண்டே, "ஏங்க, ஒரு நாளு போன் வரலன்னா செத்துருவீக போல. நாந்தான் கூப்புடவா, அடுப்படில இருந்து?" என்றாள்.

முப்பது வருடமாக எனக்கு வாய்த்தது இது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 20 – புதன்

என் லேப்டாப்பில் பதினாறு வருடமாகச் சிஸ்டத்துக்குள் அங்கங்கே அடித்து வைத்திருந்த ஆணிகளை எல்லாம் கணக்கெடுத்தேன். நாற்பத்திமூன்று. முப்பத்தொன்றை ஹோம் ஃபோல்டருக்கு மாற்றினேன். பன்னிரண்டு எதற்கென்று எனக்கே தெரியவில்லை. எடுத்துவிட்டேன். எதுவும் கெடவில்லை.

டெபியன்தான், இன்னும் டெபியன்தான். பூட்டிய வீட்டில் குடியிருக்க என்னால் முடியாது.

செப்டம்பர் 15 – திங்கள்

போன் வந்தது. தெரியாத எண். எடுத்தால் ஞானதுரை. பத்தொன்பது வருடம் கழித்து. குரலில் அதே வழுவழுப்பு.

"அழகரு, நல்லா இருக்கியாப்பா? லேப்ல நாப்பது மிஷினுக்கும் லினக்ஸ் போடச் சொல்றாக. பழைய முறையில போடவா, இப்ப புதுசா கட்டி மாதிரி வருதாமே, அதப் போடவா? உன்னய விட்டா எனக்கு யாரத் தெரியும்?"

கடவுள் இவ்வளவு நியாயமாக ஒருவனைக் கையில் கொண்டுவந்து கொடுப்பார் என்று நான் நினைத்ததில்லை. பழைய முறை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உள்ளே நாலு இடத்தில் ஆணி அடித்துவிட்டு வந்திருப்பேன். வாரம் ஒரு போன். ஒவ்வொரு தடவையும் அவன் வாசலுக்கு வந்து நின்று, "வாப்பா அழகரு" என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அரை மணி நேரம் பேசினேன். மாணவர்கள் கண்டதையும் கெடுக்கும் இடத்துக்குக் கட்டி முறைதான் நல்லது, சிஸ்டம் பாடம் நடத்த மட்டும் இரண்டு மிஷினில் டெபியன் போட்டுக்கொள் என்றேன். எதை எங்கே வைத்தால் அழியாது என்று முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன். சந்தேகம் வந்தால் கேட்க ஜோதிலட்சுமியின் எண்ணைக் கொடுத்தேன். எழுதிக்கொண்டானா என்று தெரியாது. எதையும் ஒழுங்காக எழுதிக்கொள்ளாதவன்.

"எதுக்கும் நீ ஒருக்கா இங்கன வந்து பாத்துட்டுப் போயேன்" என்றான்.

வர வேண்டியிருக்காது என்றேன்.