கருப்புப் பூச்சில் ஒரு கோள்

14 நவம்பர் 1972. தோணிரேவு. காலையில் தூறல், பிறகு வெயில்.

இன்று சொல்லாதது: "அந்தக் கோளை யாராவது கண்ணால பார்த்தாங்களா?" என்று தலைமையாசிரியை கேட்டபோது, "இல்லை, ஒரு நட்சத்திரம் லேசாக ஆடுகிறது, பெரிய கோள் ஒன்று இழுக்கிறதாம்" என்று. அந்த ஆட்டத்தையே சிலர் நம்பவில்லை என்பதையும். "பொன்னேரி அறிவியல் கண்காட்சிக்கு அதன் மாதிரியைச் செய்துகொண்டு போகிறேன்" என்றேன், அவ்வளவுதான்.

ஆறு ஒளியாண்டு தூரம். வியாழனைவிடக் கனம். முழுக்க வாயு, கால் வைக்கத் தரை இல்லை. அதன் சூரியன் மங்கிய சிவப்பு. மேகங்களும் சிவப்புப் பட்டைகள் என்று வைத்துக்கொண்டேன்.

செய்தித்தாள், மைதாப் பசையில் ஒரு கோளம், முதல் பூச்சு கருப்பு. ஆடு தின்றுவிடாமல் கொல்லை மூங்கிலின் உச்சியில் கட்டிக் காயவிட்டேன்.

15 நவம்பர். வானம் துடைத்தாற்போல்.

விபரீதம். விடியலில் படகு தள்ளப் போனவர்கள் மூங்கில் உச்சியில் கருப்பு உருண்டையைப் பார்த்துவிட்டு, புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று திரும்பிவிட்டார்கள். குப்பத்தில் ஒரு படகும் போகவில்லை.

"இன்னா டீச்சரு, எங்களுக்கே கிரகம் புடிக்க வெச்சிட்டியே!" அடுத்த வீட்டு மாரி அண்ணன். சிரித்தது அவர் மட்டும்.

மாலையில் ஊர்க்கூட்டம். தலைவர்: "அத்த இங்கயே ஒடச்சிப் போடு. இல்லாட்டி உங்க நைனாவுக்கு இந்தத் தபா பாடு கெடையாது."

வெள்ளியன்று ஏரியில் இறால் வலை போட எங்கள் வீட்டு முறை. அதைத்தான் சொல்கிறார்.

"கேக்காம கட்டுனது தப்பு. ஆனா ஒடைக்க மாட்டேன்" என்றேன்.

நைனா எழுந்து துண்டை உதறினார். "பாடு போனா போவுது தலைவரே. பொண்ணு போய்ட்டு வரட்டும்."

வரும் வழியில் கேட்டார்: "அதுல மீன் கீன் இருக்குமா?"

"தண்ணியே இல்ல நைனா."

"பின்ன இன்னாத்துக்கு அவ்ளோ பெருசு?"



16 நவம்பர். மறுபடி தூறல்.

அடுத்த பூச்சு ஆரஞ்சு, வெள்ளை. வீட்டுக்குள்ளேயே காயவைத்தேன். அடுப்புப் புகையில் ஒரு பக்கம் பழுப்பு. இருக்கட்டும், அதுவும் மேகம். அம்மாவுக்குப் பாடு போன கோபம் தீரவில்லை. கோளத்தைச் சுற்றிக் கட்டப் பழைய புடவை மட்டும் எடுத்துவைத்தாள்.

17 நவம்பர், வெள்ளி.

பழவேற்காடு வரை தலைச்சுமை. பஸ்ஸில் கண்டக்டர்: "பூசணிக்காய்க்கு யாரும்மா டிக்கெட் எடுக்கறது?" மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்காட்சியில் கோளத்தின் முன் வைத்த அட்டையில் எழுதியது: 'இருக்கலாம். இன்னும் யாரும் பார்க்கவில்லை.' நடுவர்கள் படித்தார்கள், நகர்ந்தார்கள். ஒரு பெண் மட்டும் நெடுநேரம் நின்றாள். பரிசு இல்லை.

எங்கள் முறையில் மாரி அண்ணன் வீட்டார் வலை போட்டார்கள். கூடை கூடையாக இறால். நைனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவர்களுக்கு வலை இழுத்துக் கொடுத்தார்.